போதையும் அத்துமீறலும்: நெல்லைக் கல்லூரி ஆண்கள் கேட்கும் கேள்விகள்

பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டை, பேட்டை, அபிஷேகப்பட்டி என்று நெல்லையைச் சுற்றிப் படிக்கும் ஆண் மாணவர்களுக்கும், விடுதிக் காப்பாளர்களுக்கும், நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர்களுக்கும், வீட்டாருக்கும் எழுதியது இது. குடித்த ஆண் பாலியல் வகையில் அத்துமீறுவதை முன்கூட்டியே தடுப்பது எப்படி என்பது மட்டுமே இங்கே பேச்சு. பெண்கள் எப்படி உடுத்த வேண்டும், எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்ற அறிவுரை இதில் இருக்காது. அத்துமீறல் ஆணிடமிருந்து வருகிறது. வேலையும் அவனிடம்தான் தொடங்க வேண்டும்.

குடித்தால் யாராக இருந்தாலும் தடுமாறத்தானே செய்வான்?

தடுமாறுவான். ஆனால் தடுமாறுகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் யார் மேலும் கை வைப்பதில்லை. இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அமெரிக்கக் கல்லூரிகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்த உளவியலாளர் ஆன்டோனியா அப்பி, மாணவர்களிடையே நடந்த பாலியல் வன்முறைகளில் ஏறக்குறைய பாதியில் மது இருந்ததைக் காட்டினார். அதைக் கொண்டு மது மட்டுமே காரணம் என்று முடிவுகட்ட முடியாது. பெண்கள் மேல் உள்ளூர ஒரு பகை, ஆண்பிள்ளை கேட்டு நிற்கக் கூடாது என்ற நினைப்பு, அதையே பேசிச் சிரிக்கும் நண்பர் வட்டம் ஆகியவை ஏற்கெனவே இருக்கும் ஆணிடம்தான் மது இந்த ஆபத்தைக் கூட்டுகிறது.

கூட்டும் வழிகள் மூன்று. முதலாவது, கவனம் குறுகிவிடுகிறது. கிளாட் ஸ்டீல், ராபர்ட் ஜோசஃப்ஸ் இருவரும் 1990இல் இதை மதுவால் வரும் கிட்டப்பார்வை என்று விளக்கினார்கள். தன் ஆசை கண்ணுக்கு நேரே தெரியும். எதிரில் இருப்பவள் முகத்தில் உள்ள பயமும், நாளைக்கு வரப்போகும் விளைவும் தெரியாது. இரண்டாவது, சிரித்துப் பேசுவதை அழைப்பு என்று எடுத்துக்கொள்வது. குடிக்காத ஆண்களிடமே இந்தத் தவறு உண்டு, மது அதைப் பெரிதாக்குகிறது. மூன்றாவது, குடித்தவன் இப்படித்தான் இருப்பான் என்ற எதிர்பார்ப்பு. மது துளியும் கலக்காத பானத்தைக் கொடுத்து, அதில் வோட்கா இருப்பதாக நம்பவைத்த சோதனைகள் 1970களிலேயே நடந்தன. நம்பிய ஆண்களுக்குக் கிளர்ச்சி கூடியது, உள்ளே போனது வெறும் டானிக் தண்ணீராக இருந்தும். ஆகவே தடுக்கும் வேலையில் பாதிக்கு மேல் முதல் கிளாஸுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

"போதையில தெரியாம பண்ணிட்டேன்" என்பது சட்டத்தில் நிற்குமா?

நிற்காது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 24ஆம் பிரிவுப்படி, தானாகக் குடித்தவன் போதையில் செய்ததை, தெளிவாக இருந்தவனுக்குள்ள அறிவோடு செய்ததாகவே எடுத்துக்கொண்டு விசாரிப்பார்கள். அவனுக்குத் தெரியாமலோ வலுக்கட்டாயமாகவோ பிறர் குடிக்கவைத்திருந்தால் மட்டும் விலக்கு. பழைய தண்டனைச் சட்டத்தின் 86ஆம் பிரிவும் இதையேதான் சொன்னது.

ஒரு குவாட்டர்தானே, அது என்ன பெரிய அளவா?

கணக்குப் பார்த்துவிடுவோம். 180 மில்லி, 42.8 சதவீதம். அதில் சுத்தமான ஆல்கஹால் சுமார் 61 கிராம். இந்தியாவில் ஓர் 'அலகு' மது என்று கணக்கிடுவது 10 கிராம். ஆகக் குவாட்டர் என்பது 6 அலகு, கட்டிங் 3 அலகு. 650 மில்லி ஸ்ட்ராங் பீர் 8 சதவீதம் என்றால் 41 கிராம், அதாவது 4 அலகு. "பீர்தானே மச்சான்" என்று இரண்டு பாட்டில் முடித்தவன் குவாட்டர் அடித்தவனைத் தாண்டிவிட்டான்.

60 கிலோ எடையுள்ள பையன் வெறும் வயிற்றில் ஒரு மணி நேரத்தில் குவாட்டரை முடித்தால், 100 மில்லி ரத்தத்தில் 130 மில்லிகிராம் அளவுக்கு ஆல்கஹால் ஏறும். வண்டி ஓட்ட அனுமதிக்கும் உச்சவரம்பு 30. ஈரல் ஒரு மணி நேரத்தில் 7 முதல் 10 கிராம் வரைதான் எரிக்கும் என்பதால், அந்தக் குவாட்டர் முழுதாக இறங்க 6 முதல் 9 மணி நேரம் வேண்டும். எலுமிச்சைச் சாறு, மோர், காபி, தலையில் தண்ணீர் எதுவும் இதை ஒரு நிமிடம்கூடச் சுருக்காது. காபி குடித்தவன் விழித்திருப்பான், அவ்வளவே. விழித்திருக்கும் போதைக்காரனால் வரும் தொல்லை தூங்குகிறவனால் வருவதில்லை.

நேரமும் முக்கியம். கடைசி மடக்குக்குப் பிறகும் அரை மணி முதல் ஒன்றரை மணி வரை போதை ஏறிக்கொண்டேதான் இருக்கும். டாஸ்மாக் கடை 10 மணிக்கு மூடும். மூடப்போகிறார்கள் என்று மிச்சத்தை ஒரே மூச்சில் இழுப்பவர்களுக்கு உச்சம் 10:30க்கும் 11:30க்கும் நடுவில் வரும். ஃபோனைக் கையில் எடுப்பதும், "வாங்கல, அவ ஹாஸ்டல் பக்கம் போவோம்" என்று யாராவது கிளப்புவதும் அந்த நேரத்தில்தான். கூட்டத்தில் தெளிவாக இருப்பவன் மிகக் கவனமாக இருக்க வேண்டிய மணி அது.

தமிழ்நாட்டில் மது வாங்கும் வயது 21. கல்லூரியில் படிப்பவர்களில் பெரும்பாலோர் அதற்குக் கீழே. இந்தக் கணக்கை எழுதியது யாரையும் குடிக்கச் சொல்லி அல்ல. அளவு தெரியாமல் குடிப்பவன்தான் "நான் ஸ்டெடி" என்று நம்புகிறான்.

காலையில் எதுவுமே நினைவில்லை என்கிறான். நடிக்கிறானா?

உண்மையாகவும் இருக்கலாம். ரத்தத்தில் அளவு 160 மில்லிகிராமைத் தாண்டும்போது, அதுவும் வேகமாக ஏறும்போது, மூளை புதிய நினைவுகளைப் பதிவுசெய்வதை நிறுத்திவிடும். அந்த நேரத்தில் அவன் நடப்பான், பேசுவான், பாட்டுப் பாடுவான், வண்டிகூட ஓட்டுவான். பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. மறுநாள் அந்த ஒரு மணி நேரம் அவனிடம் இருக்காது. தூக்கமாத்திரை சேர்ந்தால் இது இன்னும் குறைந்த அளவிலேயே நடக்கும்.

இதிலிருந்து இரண்டு விஷயம். நினைவில்லை என்பதால் பொறுப்பு போய்விடாது. அதேபோல், குடித்த ஒரு பெண் நடந்து பேசிக்கொண்டிருந்தாள் என்பதால் அவள் புரிந்து சம்மதித்தாள் என்றும் ஆகாது.

அவளும் குடித்திருந்தாள். அவளாகத்தான் ரூமுக்கு வந்தாள். அவள் என் லவ்வர். இதற்கெல்லாம் கணக்கு உண்டா?

சன்ஹிதாவின் 63ஆம் பிரிவு சம்மதத்தை மிகத் தெளிவாக வரையறுக்கிறது. அந்தக் குறிப்பிட்ட செயலுக்கு, சொல்லாலோ சைகையாலோ, ஐயத்துக்கு இடமில்லாமல், தானாக விரும்பிக் காட்டிய இசைவுதான் சம்மதம். எதிர்த்துப் போராடவில்லை என்பதை மட்டும் வைத்துச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்றும் சேர்த்தே எழுதியிருக்கிறது. போதையால் அவளுக்கு எதற்கு இசைகிறோம், அதனால் என்ன வரும் என்று புரியாத நிலை என்றால், அவள் "சரி" என்று சொன்னாலும் அது சம்மதம் ஆகாது. ரூமுக்கு வந்தது ரூமுக்கு வந்ததற்கான சம்மதம். முத்தம் கொடுத்தது முத்தத்துக்கு. போன மாதம் நடந்தது போன மாதத்தோடு முடிந்தது.

தண்டனை குறைந்தது 10 ஆண்டு. ஆயுள் வரை போகலாம். கூட்டாகச் செய்தால் 70ஆம் பிரிவின்படி குறைந்தது 20 ஆண்டு. இந்த 70ஆம் பிரிவை நண்பர்கள் நன்றாகப் படிக்க வேண்டும். பொது நோக்கத்தோடு சேர்ந்து செயல்பட்ட ஒவ்வொருவரும் அந்தக் குற்றத்தைச் செய்தவராகவே கருதப்படுவார். தெரிந்தே கதவுக்கு வெளியே காவல் நின்றவன் "நான் தொடவே இல்லை" என்று சொல்லித் தப்ப முடியாது.

இன்னொன்று: முதலாமாண்டில் 17 வயதுப் பெண்கள் நிறையப் பேர் இருப்பார்கள். 18 வயது நிறையாதவரின் சம்மதம் போக்சோ சட்டத்தில் (2012) செல்லவே செல்லாது.

நடைமுறையில் எளிய வழி ஒன்று உண்டு. இரண்டு பேரில் யாராவது ஒருவர் குடித்திருந்தாலும் அன்றைக்கு அந்தப் பேச்சே வேண்டாம். "இன்னைக்கு வேண்டாம், நாளைக்குத் தெளிவா இருக்கும்போது பேசிக்கிடுவோம்" என்று சொன்னதால் எந்த உறவும் முறிந்ததில்லை. அவளுக்கு விருப்பமா என்ற சந்தேகம் மனதில் எழுந்தால், அந்தச் சந்தேகமே நிறுத்தச் சொல்லும் காரணம்.

இதெல்லாம் வெளிநாட்டுப் பார்ட்டிக் கதை. இங்கே பெண்கள் குடிப்பதே இல்லையே?

அதனால்தான் வெளிநாட்டுப் பாடத்தை அப்படியே இங்கே கொண்டுவந்து நடத்தினால் பலிப்பதில்லை. ஆணும் பெண்ணும் சேர்ந்து குடிக்கும் விருந்தைப் படமாகக் காட்டினால் பின்வரிசையில் சிரிப்புத்தான் வரும். நெல்லைப் பக்கத்தில் பெரும்பாலும் ஆண்கள் தனியாகக் குடிக்கிறார்கள். குடித்துவிட்டுப் பெண்கள் இருக்கும் இடத்துக்கு வருகிறார்கள். ஆபத்து அந்த இடைவழியில்தான் பிறக்கிறது.

சீசனில் குற்றாலத்துக்கு ஏழெட்டுப் பேர் வேன் பிடித்துப் போவது ஒன்று. வழியிலேயே குடித்துவிட்டு, அருவிக்கரை நெரிசலில் "கூட்டத்துல பட்டுட்டு" என்று உரசுவது. ஊர்க் கோயில் கொடையில், சாமக்கொடை முடியும்வரை விழித்திருக்கும் இரவில், கரகாட்டம் ஆடும் பெண்ணிடமும் வேடிக்கை பார்க்கும் பெண்களிடமும் அத்துமீறுவது இன்னொன்று. ஆடுகிறவர் தொழில் செய்கிறார். அவர் மேல் பணத்தைக் குத்த யாருக்கும் உரிமை இல்லை. கல்யாண வீட்டில் முந்தின நாள் இரவு, மாடியில் குடித்துவிட்டுக் கீழே வந்து மாப்பிள்ளை வீட்டுப் பெண்களைக் 'கலாய்ப்பது'. கலைவிழா முடிந்து ஜங்ஷனுக்குப் போகும் கடைசிப் பேருந்து. தொழிற்சாலைப் பயணம் என்று பெயர் வைத்த கல்லூரிச் சுற்றுலா. வாடகை ரூமில் பிறந்தநாள். கடைசியாக, ஃபோன்.

இவை எல்லாவற்றிலும் பொதுவானது, கூட்டம். தனியே இருந்தால் தலைகுனிந்து போகிறவன்தான் நான்கு பேர் கைதட்டினால் கை நீட்டுகிறான். ஆகவே அந்த நான்கு பேரை மாற்றுவது இங்கே வேறு எதையும்விடப் பலன் தரும்.

பேருந்தில் நடந்தால் ஒரு தகவல்: பெண்களைத் துன்புறுத்துவதைத் தடுக்கும் 1998ஆம் ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டத்தின்படி, புகார் சொன்னால் ஓட்டுநரும் நடத்துநரும் பேருந்தை அருகிலுள்ள காவல் நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். கூட இருக்கும் ஆண் பயணி ஒருவர் "அண்ணாச்சி, வண்டிய ஸ்டேஷனுக்கு விடுங்க" என்று உரக்கச் சொன்னாலே பல நேரம் தொல்லை நின்றுவிடும்.

ஃபோனில் அப்படி என்ன வந்துவிடப் போகிறது?

நள்ளிரவில் நாற்பது மிஸ்டு கால். "ஏன் எடுக்க மாட்டேங்கா" என்று வசவு. கேட்காமலேயே அனுப்பும் அந்தரங்கப் படம். பழைய படத்தை வெளியிடுவேன் என்ற மிரட்டல். போதையில் நடக்கும் அத்துமீறலில் இது மிகச் சுலபமாக நடப்பது. மறுநாள் அழித்துவிட்டாலும் அவள் ஃபோனில் நிற்கும். பாலியல் நோக்கோடு பேசுவதற்கும் எழுதுவதற்கும் சன்ஹிதாவின் 75ஆம் பிரிவு, விடாமல் பின்தொடர்வதற்கு 78, அந்தரங்கத்தைப் படம்பிடித்துப் பரப்புவதற்கு 77ஆம் பிரிவும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஈ பிரிவும் இருக்கின்றன. பின்தொடர்வதற்கு முதல் முறையே 3 ஆண்டு வரை சிறை.

தடுப்பது மிக எளிது. பாட்டிலைத் திறக்கும் முன்பே எல்லார் ஃபோனும் குடிக்காதவன் பையில் போய்விட வேண்டும். திறந்தபின் கேட்டால் யாரும் கொடுக்க மாட்டான். அவசரத்துக்கு வீட்டிலிருந்து அழைத்தால் குடிக்காதவன் எடுத்துப் பேசுவான். காதல் முறிந்த வாரத்தில் இதை இன்னும் கண்டிப்பாகச் செய்ய வேண்டும்; "லவ் ஃபெயிலியர், அவனை விடுல, ஃபீல் பண்ணட்டும்" என்று ஊற்றிக்கொடுப்பது அவனுக்கும் அவளுக்கும் செய்யும் கெடுதல்.

நண்பன் எல்லை மீறப் போகிறான் என்று தெரிகிறது. அந்த நிமிடத்தில் என்ன செய்ய?

முதலில், எப்போது தெரியும்? அத்துமீறல் திடீரென்று முளைப்பதில்லை. ஒரே பெண்ணைப் பற்றித் திரும்பத் திரும்பப் பேசுவான். "இன்னைக்கு எப்படியாவது" என்பான். குடிக்காதவளை "ஒரு மடக்கு, கூல்ட்ரிங்ஸ்தான்" என்று வற்புறுத்துவான், அல்லது தெரியாமல் கலப்பான். அவளைத் தோழிகளிடமிருந்து தனியே பிரிக்கப் பார்ப்பான். அவள் நகர்ந்தால் இவனும் நகர்வான். இரண்டாவது அறிகுறியிலேயே இறங்க வேண்டும். கை பட்டபின் இறங்கினால் சண்டையாகத்தான் முடியும்.

எப்படி இறங்குவது? நேராக நின்று "நீ செய்யுறது தப்பு" என்று பாடம் எடுத்தால் போதைக்காரன் வீம்புக்கு நிற்பான். அவன் கவனம் ஒரே இடத்தில் ஒட்டியிருக்கிறது. அதை வேறு இடத்துக்கு மாற்றுவதுதான் முதல் வேலை. "ஏலே, வாலே, பசிக்கு, பரோட்டா திங்கப் போவோம்." "மக்கா, ஒன் வண்டிச் சாவியக் காணோம், வந்து தேடு." "ஒங்கப்பா ஃபோன் பண்ணுதாவ." இந்தப் பொய் நல்ல பொய். தோளில் கைபோட்டு, உடம்பை அவனுக்கும் அவளுக்கும் நடுவில் கொண்டுபோய், நடந்துகொண்டே பேச வேண்டும்.

தனியே முடியாது என்றால் அவன் மதிக்கும் ஆளைக் கூப்பிட வேண்டும்: கபடி டீம் கேப்டன், அறையில் மூத்தவன், ஒரே ஊர்க்காரன். இரண்டு பேர் அவனை நகர்த்த, மூன்றாமவன் அந்தப் பெண்ணிடம் போய், "நீங்க போங்கக்கா, இவன நாங்க பாத்துக்கிடுதோம். கூட யாரும் வரணுமா?" என்று கேட்க வேண்டும். அவள் வேண்டாம் என்றால் பின்னால் போகக் கூடாது. காப்பாற்றியதற்கு நன்றியும் எதிர்பார்க்கக் கூடாது.

இதுவும் பலிக்கவில்லை என்றால் சுருக்கமாக, உரக்க, பெயர் சொல்லி: "முத்து, அவ வேண்டாங்கா. கைய எடு." காரணம் சொல்ல வேண்டாம், கெட்ட வார்த்தை வேண்டாம். கேட்கவில்லை என்றால் காப்பாளரையோ 112ஐயோ அழைக்கத் தயங்கக் கூடாது. அடிதடியில் இறங்கினால் பேச்சு முழுக்க அடிதடியைப் பற்றியே ஆகிவிடும், அந்தப் பெண்ணை எல்லாரும் மறந்துவிடுவார்கள். அவனை வண்டியில் ஏற்றித் தனியே அனுப்புவதும் ஆபத்து. அரை மணி நேரத்தில் திரும்பி வருவான்.

மறுநாள் பேச வேண்டும், இது கட்டாயம். காலை எழுந்ததும் வேண்டாம், அப்போது இன்னும் முழுதாக இறங்கியிருக்காது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, தனியாக, பார்த்ததை மட்டும்: "நேத்து நீ அந்தப் புள்ள கைய மூணு தடவ பிடிச்ச. அது அழுதுட்டு. மறுபடி இப்படின்னா ஒன்கூட ஒக்கார மாட்டோம்." சிரித்து மழுப்பினால் அவனுக்கு அது அனுமதிச் சீட்டு.

அப்படிச் சொன்னால் என்னைத்தானே கிண்டல் செய்வார்கள்?

அப்படித்தான் எல்லாரும் நினைக்கிறார்கள், தனித்தனியாக. வெஸ்லி பெர்கின்ஸ், ஆலன் பெர்கோவிட்ஸ் இருவரும் 1986இல் அமெரிக்க மாணவர்களிடம் கண்டது இது: மற்ற மாணவர்கள் தங்களைவிட அதிகம் குடிப்பதை ஆதரிக்கிறார்கள் என்று ஒவ்வொருவரும் தப்பாகக் கணித்துக்கொண்டிருந்தார்கள். பெண்களைப் பற்றிய ஆபாசப் பேச்சிலும் இதே தப்புக் கணக்கு நடப்பதைப் பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. எட்டுப் பேர் கூட்டத்தில் ஐந்து பேருக்கு அருவருப்பாக இருக்கும். ஐவரும் சும்மா சிரித்து வைப்பார்கள். அத்துமீறுகிறவன் எட்டுப் பேரும் தன் கட்சி என்று நம்புவான். முதல் ஆள் வாயைத் திறந்ததும் இரண்டாம் ஆள் சேர்வது இதனால்தான். முன்கூட்டியே ஒருவனிடம் மட்டும் பேசி வைத்துக்கொண்டால் போதும்.

குடிக்காதவனாக ஒருவனை நிறுத்துவது எப்படி? யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்களே.

எட்டுப் பேருக்கு இரண்டு பேர் வேண்டும், ஒருவனால் முடியாது. முறைவைத்து மாற வேண்டும், எப்போதும் குடிக்காத அதே பையன் தலையில் கட்டினால் இரண்டு தடவைக்கு மேல் வர மாட்டான். அன்றைக்கு அவன் பங்குப் பணம் கிடையாது, சாப்பாடு கூட்டத்தின் செலவு. "ஒரு பீர் மட்டும்" என்று அவன் தொட்டால் அந்தப் பொறுப்பு அப்போதே அடுத்தவனுக்குப் போக வேண்டும்.

விடுதியில் குடிக்கவே தடை. இதைப் பேசினால் குடிக்க அனுமதி கொடுத்த மாதிரி ஆகாதா?

காப்பாளர்கள் கேட்கும் நியாயமான கேள்வி. தடை இருக்கட்டும். ஆனால் மாட்டினால் நீக்கம் என்ற ஒரே விதி மட்டும் இருந்தால், ஒரு பெண் ஆபத்தில் இருக்கும்போதும் குடித்த மாணவன் காப்பாளரை அழைக்க மாட்டான். எனவே விடுதி விதிகளில் ஒரு வரி சேர்க்க வேண்டும்: பிறரைக் காப்பாற்ற அழைத்தவர் மேலும், உதவி பெற்றவர் மேலும், குடித்ததற்காக மட்டும் நடவடிக்கை இருக்காது. அத்துமீறியவனுக்கு இது பொருந்தாது என்பதையும் அதே வரியில் எழுத வேண்டும். சேர்க்கையின்போது பெற்றோர் முன்னிலையில் வாசித்துவிட்டால் பின்னால் சச்சரவு வராது.

மயங்கிக் கிடப்பவர் ஆணோ பெண்ணோ, ஒருக்களித்துப் படுக்கவைத்து, கூடவே ஆள் இருக்க வேண்டும். தட்டியும் எழவில்லை, மூச்சு நிமிடத்துக்கு 8க்குக் கீழே, உதடு நீலம் என்றால் உடனே 108. மயங்கியவர் பெண் என்றால் ஒரு பெண்ணைத் துணைக்கு அழைத்து, கதவைத் திறந்தே வைக்க வேண்டும்.

ஆண்டுக்கு ஒரு கருத்தரங்கு நடத்துகிறோம். போதாதா?

போதாது. சாரா டெக்யூவும் உடனிருந்தவர்களும் 2014இல் 140 மதிப்பீடுகளை அலசியபோது, ஒரே அமர்வில் முடியும் சிறு விழிப்புணர்வு நிகழ்ச்சிகள் கருத்தைக் கொஞ்ச நாள் மாற்றினாலும் நடத்தையை மாற்றியதாகத் தெரியவில்லை. குடியைப் பற்றி ஒரு துறையும், பாலியல் தொல்லையைப் பற்றி இன்னொரு துறையும் தனித்தனியே பேசுவதும் பலனைக் குறைக்கும். இரண்டும் ஒரே அறையில், ஒரே ஆட்களிடம் பேசப்பட வேண்டும்.

நாங்கள் பரிந்துரைப்பது: ஆண்கள் மட்டும், 15 முதல் 20 பேர், வாரம் ஒன்றாக நான்கு அமர்வு, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். நடத்துபவர் இருவர், ஒருவர் மாணவர்கள் மதிக்கும் மூத்த மாணவராக இருப்பது நல்லது. முதல் அமர்வில் தம்ளரும் தண்ணீரும் கொடுத்து "ஒரு பெக் ஊற்று" என்று சொல்லி, வேதியியல் ஆய்வகத்திலிருந்து வாங்கிய அளவுக் குடுவையில் அளக்க வேண்டும். 60 மில்லி என்று ஊற்றியது பலருக்கு அதையும் தாண்டியிருக்கும். அங்கிருந்து அலகுக் கணக்குக்குப் போகலாம். உலக சுகாதார நிறுவனத்தின் குடிப்பழக்கத்தை அளக்கும், 10 கேள்விகள் கொண்ட ஆடிட் தாளையும் அன்றே தனியே நிரப்பிப் பார்க்கலாம்; 8 அல்லது அதற்கு மேல் வந்தால் கவலைப்பட வேண்டிய குடி. தாளை யாரும் வாங்கிப் பார்க்கக் கூடாது.

இரண்டாம் அமர்வு துண்டுச்சீட்டு. ஒரே அளவுத் தாள், ஒரே நிறப் பேனா, பூட்டிய பெட்டி. "குடித்த பெண்ணிடம் நெருங்குவது சரியா?", "உன் வகுப்பில் எத்தனை பேர் சரி என்பார்கள்?" இரண்டுக்கும் உள்ள இடைவெளியை அங்கேயே எண்ணிக் காட்ட வேண்டும். நடத்துபவர் முதலில் தனியே எண்ணிப் பார்ப்பது அவசியம். பெரும்பான்மை உண்மையாகவே மோசமாக வந்தால் அதைப் பலகையில் எழுதக் கூடாது. எழுதினால் அத்துமீறுகிறவனுக்குப் பலம் சேர்த்த கதை. மூன்றாவது, சம்மதமும் சட்டமும். நான்காவது முழுக்க ஒத்திகை: மேலே உள்ள வாசகங்களைத் தங்கள் பேச்சில், எழுந்து நின்று, தோளில் கைபோட்டுச் சொல்லிப் பார்ப்பது. ஒத்திகை இல்லாமல் விட்டால் மற்ற மூன்றும் காகிதத்தோடு போய்விடும். சுற்றுலாக் காலத்துக்கு இரண்டு வாரம் முன்பு ஒருமுறை நினைவூட்டல்.

கெடுவது எங்கே? மேடையில் காவல் அதிகாரி மிரட்டுவது, வருகைப்பதிவுக்காக 300 பேரை அரங்கில் அடைப்பது, நிகழ்ச்சியைப் படம்பிடித்துப் போடுவது. "அவளும் ஒருத்தனுக்குத் தங்கச்சிதானே" என்ற வாதத்தையும் தவிர்க்கச் சொல்கிறோம். யாருடைய தங்கையாகவும் இல்லாத, கரகம் ஆடும், ஊர் பெயர் தெரியாத பெண்ணுக்கும் அதே உரிமை உண்டு. அந்த வாதம் அவளைக் கைவிட்டுவிடுகிறது. இன்னொன்று, முதல் நிமிடத்திலேயே சொல்ல வேண்டியது: 18 வயதுக்குக் கீழானவருக்கு நடந்த குற்றம் தெரியவந்தால், போக்சோ 19ஆம் பிரிவின்படி அதை ரகசியமாக வைக்க முடியாது.

மகன் வாரத்தில் நாலு நாள் குடிக்கிறான். யாரிடம் காட்ட?

ஹைகிரவுண்டிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். ஃபோனில் பேச 14416 (டெலி மானஸ்) அல்லது போதை மீட்புக்கான 14446. காலையில் கை நடுங்குகிறது, வியர்க்கிறது என்றால் வீட்டிலேயே ஒரேயடியாக நிறுத்தவைக்காதீர்கள்; வலிப்பு வரலாம், மருத்துவர் பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

ஒரு தோழி தனக்கு நடந்ததைச் சொல்கிறாள். நான் என்ன செய்ய வேண்டும்?

"நீ ஏன் போன?" என்ற கேள்வி வேண்டாம். "சொன்னது நல்லது. நான் நம்புதேன். இப்ப பத்திரமா இருக்கியா?" போதும். என்ன செய்வது என்பதை அவள் முடிவு செய்யட்டும். அவனை அடிக்கப் போவதும், ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி முடிப்பதும் அவளிடமிருந்து அந்த முடிவைப் பறிப்பது.

முதல் 72 மணி நேரம் முக்கியம். எச்ஐவி தடுப்பு மருந்தை அதற்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரை எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. தடயமும் அதற்குள்தான் நன்றாகக் கிடைக்கும். குளிக்காமல், உடுப்பைத் துவைக்காமல், மாற்றினால் பழையதைக் காகிதப் பையில் போட்டு எடுத்துச் செல்ல வேண்டும். பிளாஸ்டிக் பையில் ஈரம் கோர்த்துத் தடயம் கெடும். குளித்துவிட்டாலும் பரவாயில்லை, போகலாம். எந்த மருத்துவமனையும், தனியார் உட்பட, இலவசமாக உடனே சிகிச்சை தர வேண்டும். காவல்துறைக்குத் தெரிவிப்பது அவர்கள் கடமை, ஆனால் புகார் கொடுத்தால்தான் சிகிச்சை என்று சொல்ல முடியாது. குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையமும் புகாரைப் பதிய வேண்டும். அவள் பெயரை வெளியிடுவது சன்ஹிதாவின் 72ஆம் பிரிவின்படி குற்றம். வகுப்பு வாட்ஸ்அப் குழுவுக்கும் இது பொருந்தும். 24 மணி நேரமும் மகளிர் உதவி எண் 181 இருக்கிறது.

கல்லூரிக்குள் என்றால் உள் புகார்க் குழு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015 விதிகளின்படி 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் நீட்டிப்பார்கள். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். மாணவர் சம்பந்தப்பட்டதென்றால் குழுவில் மாணவப் பிரதிநிதிகளும் இருக்க வேண்டும்.

சீனியர்கள் குடித்துவிட்டு ஜூனியர் பையன்களை ஆடையைக் கழற்றச் சொல்வதும் இதில் சேருமா?

சேரும். பையன்கள் வெட்கத்தால் வெளியே சொல்வதில்லை, அதனால் தொடர்கிறது. தமிழ்நாட்டில் 1997 முதல் ராகிங் குற்றம்; 2009 மானியக் குழு விதிகள் பாலியல் துன்புறுத்தலையும் ராகிங்காகவே எண்ணுகின்றன. பெயர் சொல்லாமலும் 1800-180-5522இல் புகார் தரலாம்.

நானே அன்றைக்குத் தப்பாக நடந்துவிட்டேனோ என்று தோன்றுகிறது.

முதலில் அவளைத் தொடர்புகொள்ளாதீர்கள். மன்னிப்புக் கேட்டு அனுப்பும் செய்தியும் அவளுக்கு இன்னொரு தொல்லையாகவே வந்து சேரும்; தோழிகளைத் தூது விடுவது மிரட்டலாகவும் ஆகலாம். செய்திகளையோ படங்களையோ அழிக்காதீர்கள், அவை ஆதாரம். குடியை அன்றே நிறுத்துங்கள். மனநல ஆலோசகரிடம் பேசுங்கள், சட்ட உதவிக்கு வழக்கறிஞரைப் பாருங்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலும் கேட்கலாம். புகார்க் குழு அழைத்தால் தெளிவோடு போய், நினைவிருப்பதைச் சொல்லுங்கள். நினைவில்லாத இடத்தில் "நினைவில்லை" என்று மட்டும் சொல்லுங்கள். நண்பர்கள் சொல்லிக்கொடுத்ததை வைத்து அந்த இடைவெளியை நிரப்பாதீர்கள்.